சீனி போட்ட அகர் அகர்

தொண்ணூறுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். நான் பல்கலைக்கழகத்தில் அல்ட்ராசவுண்ட் படங்களைத் தெளிவாக்கும் ஆய்வில் இருந்தேன். என் கணவர் கிள்ளான்காரர். அவருக்குச் செய்யத் தெரிந்த ஒரே பண்டம், கடற்பாசியைக் காய்ச்சி உறையவைக்கும் அகர் அகர். அதைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் அரண்மனைச் சமையற்காரர் தோற்றார், போங்கள்.

உடம்புக்குள் போய்த் திரும்பும் ஒலியை வரிசையாக இருக்கும் உணரிகள் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்கும். ஒலியின் வேகத்தை வைத்து அந்த நேரத்தைச் சரிக்கட்ட வேண்டும். அதன்பின் பழைய முறை எல்லாவற்றையும் அப்படியே கூட்டிவிடும். புதிய முறை கெட்டிக்காரி. எதிர்பார்த்த நேரத்தில் வருவதை வைத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுவாள். தண்ணீர்த் தொட்டியில் அருமையாக வேலை செய்தாள். பேராசிரியருக்குத்தான் நம்பிக்கையில்லை. வெள்ளிக்கிழமை தன் கண்ணெதிரே தேறாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து செய்துவந்த வேலை அது.

சோதனைக்கு உடம்பு மாதிரி ஒன்று வேண்டும். அகர் அகருக்குள் மீன் தூண்டிலில் கட்டும் நைலான் நரம்புகள் இரண்டை நெருக்கமாகப் பதித்துத் தரும்படி கணவரைக் கேட்டேன். சீனி வேண்டாம், யாரும் தின்னப்போவதில்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பழைய முறை இரண்டு நரம்புகளையும் ஒரே மங்கல் திட்டாகக் காட்டியது. புதியதில் திரை கறுப்பாகவே கிடந்தது. பேராசிரியர் மரியாதையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் பிரிட்ஜிலிருந்து மீதி அகர் அகரை வெட்டி நீட்டினார். வாயில் வைத்தால் தித்திப்பு.

“சீனி போட்டீங்களா?”

“நம்ம வீட்டுலேர்ந்து போற பண்டம் சப்புன்னு இருந்தா, அங்க உள்ளவங்க என்ன நினைப்பாங்க லா?”

சோதனை முடிந்ததும் நரம்பை உருவிவிட்டுத் தின்பார்கள் என்பது அவர் கணக்கு. சீனி கலந்தால் ஒலி வேகமாக ஓடும், நேரம் பிசகும், கெட்டிக்காரி நரம்பின் குரலையே அந்நியச் சத்தமென்று அமுக்கிவிடுவாள் என்று கத்தித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“உன்ன மாதிரிதான். சொன்ன நேரத்துக்கு வரலன்னா சொந்தக்காரனுக்கே கதவ சாத்திரும்.”

கோபத்திலும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் அந்த இனிப்பில் ஒலியின் வேகத்தை அளந்து கணக்கைத் திருத்தினேன். நரம்புகள் இரண்டும் தனித்தனியாக மின்னின. திங்களன்று பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நோயாளியின் வயிற்றுக் கொழுப்பில் ஒலி எந்த வேகத்தில் போகும் என்று டாக்டருக்கு முன்கூட்டியே யார் சொல்வது என்று கேட்டார். பிறகு அவரே, அதைத்தான் ஒப்பிட வேண்டும் என்றார். வேகம் தெரியாதபோது எந்த முறை எவ்வளவு தாங்கும்? தலைப்பு பிழைத்தது. சீனியைக் கூட்டியும் குறைத்தும் பல மாதிரிகள் வேண்டும் என்றார்.

செய்தியைச் சொன்னதும் கணவர் பெரிய பையை எடுத்துக்கொண்டு சீனி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினார். அப்படி ஒரு பெருமை முகத்தில். சீனியே இல்லாதது ஒன்றும் வேண்டும் என்றேன். வாசலில் நின்று யோசித்தார்.

“அத நீயே செஞ்சுக்க,” என்றார். “என் கைக்கு அது வராது.”