பாறையில் கட்டப்பட்ட பெண்

இத்தாலியின் பலெர்மோவில் நாங்கள் துப்புரவு வேலை செய்த பழைய மாளிகையில் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று இருந்தது. கடற்பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு பெண். என்னோடு வேலை செய்த, இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த அக்கா, நரைத்த தலையை இறுக்கிக் கட்டிய மெலிந்த மனுசி, அவளைப் புனிதை என்று எண்ணித் தினமும் சிலுவை அடையாளம் போடுவார்.

"அக்கா, இது கிரேக்கக் கதையாம். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, சொன்னவ. கடல் பூதத்துக்குப் பலி குடுக்கக் கட்டியிருக்கினம்."

"ஆர் கட்டினது?"

"தாயும் தேப்பனும்தான். ஊரைக் காப்பாத்த."

அக்கா அப்படியே நிலத்தில் அமர்ந்துவிட்டார்.

"எங்கடை ஊரிலை இயக்கக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் கேட்டவை, தம்பி. அம்மாவும் அப்பாவும் என்னைத்தான் குடுத்தவை."

அக்கா ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இவள் தப்பினவளோ?"

"ஓம் அக்கா. ஒருத்தன் வந்து காப்பாத்தினவன்."

"பிறகு தாய் தேப்பனோடை கதைச்சவளோ?"

சிஞ்ஞோராவிடம் அதைக் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.