கூரைக் குழாயும் படுதாவும்

கோட்டைச்சாமி அண்ணனைப் பொறுப்பில்லாத டிரைவர் என்று கூடலூரில் எவனாவது பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருபத்தாறு வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறியவர். அத்தனை வருஷத்தில் ஒருத்திக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பேசுகிறவன் ஒருநாள் அந்த வளைவுகளில் ஓட்டிப் பார்க்கட்டும்.

அதனால்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்கள் புது ஜீப்பைச் சோதித்துப் பார்க்க அவரைத் தேடி வந்தார்கள். அதற்கு டீசல் கிடையாது. ஸீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்குள் அலுமினியத் துண்டும் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் உண்டாகும். அதிலிருந்து கரண்ட், கரண்டில் மோட்டார் ஓடும். இன்ஜினீயர் அபிதா, பழனிசெட்டிபட்டிப் பெண், ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வண்டி நின்னாலும் பெட்டி உடனே நிக்காதுண்ணே. மிச்ச கேஸ் கூரைக் குழாய் வழியா வெளிய போகும். அத மட்டும் மூடிராதீக. பொறி பட்டா வெடிக்கிற கேஸு, ஆனா வாசன கிடையாது."

"வாசன இல்லாததுதான் பயமா இருக்கு," என்றார் அண்ணன்.

தினமும் வீட்டில் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார். லோயர் கேம்ப் கோயிலில் நிறுத்தி, டேஷ்போர்டில் சூடம் கொளுத்திவிட்டு மலையேறுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அதைக்கூட அவர் பத்தடி தள்ளித் தரையில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, ஸ்டாண்டில் சாரல் பிடித்துக்கொண்டது. அண்ணன் டீக்கடையில் இருந்தார். அன்று ஜீப்பில் போக ஏழு பெண்கள். அவர் சம்சாரம் சுப்புத்தாய் மதினியும் அதில் ஒருத்தி; மற்றவர்கள் கடையோரம் ஒதுங்க, மதினி மட்டும் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"ராஜபாண்டி, நனையுதுப்பா. படுதாவ இழுத்துக் கட்டிவிடு," என்று என்னிடம் சொன்னார்.

மழை வந்தால் யார் ஜீப்பாக இருந்தாலும் பக்கத்து வண்டிக்காரன் கட்டிவிடுவான். அதை ஓட்டுகிறவரிடம் கேட்டுச் செய்வதில்லை, சொல்லிக்கொள்வதும் இல்லை. தார்ப்பாயைக் கூரைக்கு மேல் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் இறுக்கினேன். குழாய் எனக்கு ஞாபகமே வரவில்லை. பாவி நான்.

அண்ணன் சாரலில் ஓடிவந்து, கூரையை நிமிர்ந்து பார்க்காமல் வண்டியை எடுத்தார். அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். கோயிலில் நின்றதும் அண்ணன் இறங்கித் தரையில் சூடம் வைத்தார். சாரலில் அணைந்தது. இன்னொரு தரம் வைத்தார், அதுவும் அணைந்தது. பழைய வழக்கப்படி டேஷ்போர்டில் கொளுத்த, சூடத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

அப்போதுதான் கூரையைப் பார்த்தேன். படுதாவுக்கு அடியில் குழாய் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே போக வழியில்லாத கேஸ் முழுக்க உள்ளேதான் இருக்கும். விடாமல் ஹாரன் அடித்தேன். நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்த அண்ணன், கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார். அந்தக் கை உள்ளே போய்த் தீக்குச்சியைக் கிழித்தது.

ஆறு பெண்களைத் தீப்புண்ணோடு இறக்கினோம். மதினி பிழைக்கவில்லை.

அண்ணனுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. குழாயை மூடி அவரே படுதாவைக் கட்டினார் என்றுதான் ஊர் பேசுகிறது. தினமும் நான்தான் சோறு கொண்டுபோய் ஊட்டுகிறேன். தினமும் ஒரே கேள்வி கேட்கிறார்.

"ஏலே, அந்தப் படுதாவ எவன்டா கட்டுனது?"

"தெரியலண்ணே," என்கிறேன்.

"நீ ஒருத்தன்தான்டா என்னைய நம்புற," என்று சொல்லி வாயைத் திறக்கிறார்.