ஏழாவது வரிசையில் ரியாஸ்

உம்மா இறந்த பிறகு, அந்தமானில் லம்பா லைன் பகுதி வீட்டில் ஹுஸ்னாவும் வாப்பா அய்யூபும்தான். தம்பி ரியாஸ் ஒரு வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது வாப்பா வாசலைக் காட்டினார். ஏழு வருடமாகச் சேதி இல்லை. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போயிருப்பான் என்றே ஹுஸ்னா நினைத்திருந்தாள்.

போர்ட் பிளேரில் ஒரு புள்ளிவிவர அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. 'ஆர்' நிரல்மொழியை வீடியோ பார்த்தே கற்றவள். அன்று திரையில் தீவுக் கப்பல்களின் பயணிகள் அட்டவணை, நாற்பது நெடுவரிசைகள். வயது, ஏறிய தீவு, இறங்கிய தீவு, இந்த மூன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மூன்றையும் தட்டச் சோம்பி, முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவே மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி வைத்தாள். அந்தக் குறி இடையில் கிடந்த நெடுவரிசைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது.

ஏழாவது வரிசை: ரியாஸ், தகப்பன் பெயர் அய்யூப், வயது முப்பத்தொன்று. தெற்குக் கோடித் தீவின் கேம்பல் பே துறையில் ஏறி, போன மாதம் போர்ட் பிளேரில் இறங்கியிருக்கிறான். இவ்வளவு பக்கத்தில் வந்தும் வீட்டுக்கு வரவில்லை.

கைபேசி எண் அடுத்த நெடுவரிசை. அதன் பெயரை அடித்தால் போதும்.

"ஹோ கயா க்யா, ஹுஸ்னா? முடிஞ்சுதான்னு சாப் கேக்குறார்" என்றாள் பக்கத்து மேசை சௌமியா.

"ரெண்டு நிமிஷம்."

கப்பலுக்காகக் கொடுத்த எண், அக்காவுக்குக் கொடுத்ததில்லை. வரியை அழித்துவிட்டு மூன்று பெயர்களையும் தனித்தனியாக அடித்தாள். திரையிலிருந்து தம்பி போய்விட்டான்.

ஒருமுறை வந்தவன் மறுபடியும் வருவான் என்று, அதற்குப் பிறகு கேம்பல் பே கப்பல் வரும் நாளெல்லாம் ஆபீஸில் அனுமதி கேட்டு துறைமுக ஜெட்டியில் போய் நின்றாள். இறங்குகிற முகங்களையெல்லாம் பார்த்து ஏமாந்தாள். நான்காவது கப்பலில் அவன் வந்தான். இளைத்திருந்தான், கையில் ஒரு சிறுமி.

"லாத்தா?" என்றான், அக்காவை அடையாளம் கண்டு.

"வீட்டுக்கு வாடா."

"வாப்பா கூப்பிட்டாரா?"

அவளுக்குப் பொய் வரவில்லை.

"பாப்பாவுக்குக் காதுல வலி, டாக்டர்கிட்ட காட்டணும். டெய்ரி ஃபார்ம் ஏரியால தோஸ்த் வீட்ல ரெண்டு நாள் இருப்போம்" என்றான். பஸ் வரும்வரை குழந்தையின் கையை அவள் விடவேயில்லை.

"ஏன் லேட்டு?" அன்று இரவு வீட்டில் சோற்றில் கை வைத்தபடி வாப்பா கேட்டார்.

"ஜெட்டிக்குப் போனேன். ரியாஸ் வந்திருக்கான்."

பிசைந்த கை நின்றது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

"ஒத்தையாவா?" என்று கேட்டார்.