விசில்காரனும் ரிலீவரும்

ஃபுட்பால் ரெஃபரி என்பவன் மைதானத்தில் எல்லோரையும்விட அதிகமாக ஓடுகிறவன், ஆனால் பந்தைத் தொடக் கூடாதவன். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் அதற்கும் அவனைத்தான் திட்டுவார்கள். நீங்கள் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடுவில் உட்கார்ந்தவராக இருக்கலாம். ஜன்னல் சீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்த கண்டக்டராக இருக்கலாம். காலனி கோலப்போட்டிக்கு மார்க் போட்டுவிட்டு ஒரு வாரம் தெருவில் தலைகாட்டாமல் இருந்தவராகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் நாம் எல்லோரும் ஒரே கட்சி. தைரியமாக மேலே படியுங்கள்.

என் பெயர் அந்தோணி. நெய்வேலியில் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. வெட்டியெடுத்த நிலக்கரியைச் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகிற ரப்பர் பெல்ட்டையும், அதை இழுக்கிற மோட்டாரையும் பார்த்துக்கொள்வது சம்பளத்துக்கு. சாயங்காலங்களில் டவுன்ஷிப் மைதானங்களில் விசில் ஊதுவது, திட்டு வாங்குவதற்கு.

கறுப்புச் சட்டை

நான் ரெஃபரி ஆனது ஆர்வத்தால் அல்ல. அன்றைக்கு வடலூரில் தைப்பூசம். கடலூரிலிருந்து வரவேண்டிய ரெஃபரியின் பஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. நான் மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தக்காரர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு, வேறு வழியாகச் சுற்றி வந்து, வீட்டுக்குப் போகும் வழியில் மைதானத்து ஓரமாக நின்றேன். இரண்டு அணிகளும் நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தன. போட்டி நடத்துகிறவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார்.

எனக்கு விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும் என்றேன். ஆட்டக்காரர்களுக்கும் அப்படித்தான் என்றார். வேறு யாரையாவது பாருங்கள், துக்க வீட்டிலிருந்து வருகிறேன், இன்னும் குளிக்கக்கூட இல்லை என்றேன். விசிலைத் துடைத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெஃபரின்னா கறுப்புச் சட்டை. அது நீங்க ஒருத்தர்தான் போட்டிருக்கீங்க சார். ஊதுங்க."

சமாதானம்

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு கட்டத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கைகூப்பி சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். டவுன்ஷிப்பில் ரெஃபரியாக இருக்கிற கிறிஸ்தவனுக்கு வாரத்திலேயே ஆபத்தான நேரம் அதுதான். சனிக்கிழமை யாருடைய கோலைச் செல்லாது என்று தள்ளினாயோ, அவர் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன் வரிசையில் இருப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு. முன் வரிசையில் சுரங்கத்தின் கேரேஜ் பிரிவு அணியின் முன்கள ஆட்டக்காரர். ஐம்பதை நெருங்குகிறவர், மரியாதையான மனிதர். வலப்பக்கம் திரும்பி வணங்கினார். இடப்பக்கம் வணங்கினார். எனக்கு அடுத்திருந்தவரை, அவருக்கு அடுத்திருந்தவரை, தூணோரம் நின்ற ஒருவரைக்கூட எட்டிப் பார்த்து வணங்கினார். என்னை மட்டும் விட்டுவிட்டார். நான் கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பாட்டு ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கே மனசு உறுத்தியிருக்க வேண்டும். பாட்டுக்கு நடுவில் மெதுவாகத் திரும்பினார். கைகூப்பினார். "சமாதானம் உண்டாகட்டும். ஆனா அது ஆஃப்சைடு இல்லீங்க."

வீட்டுக்காரிக்கும் பங்கு உண்டு

திட்டு எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் யார் வீடு எந்த பிளாக், எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ரெஃபரியைத் திட்ட நேரம் கிடைக்காதவர்கள் ரெஃபரியின் மனைவியிடம் சொல்லி அனுப்புவார்கள்.

காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து விற்கிற அம்மா ஒருவர் எங்கள் தெருமுனையில் உட்காருவார். அவருடைய மகன் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறான், கான்ட்ராக்ட் அணியில் ஆடுகிறான். அவர்களுக்கு எதிராக நான் ஒரு பெனால்ட்டி கொடுத்திருந்தேன். இது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. பழத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே சுளை நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார்: "அறுத்துப் பாத்துத்தாம்மா சொல்லணும். உங்க வூட்டுக்காரரு மாரி பாக்காமலே சொல்ல நமக்கு வராது."

ரிலீவர்

ஷிப்ட் வேலை பார்க்காதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். உங்கள் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது என்றால் நீங்கள் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் நேரில் வந்து, மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் நகரலாம். அந்த ஆள்தான் ரிலீவர். பெண்டாட்டி பிள்ளைக்கு அடுத்தபடியாக எங்களுக்கு முக்கியமான உறவு அது.

என் ரிலீவர் செல்வராசு. காடாம்புலியூர் பக்கத்தில் முந்திரித் தோப்புள்ள குடும்பம். என் வயதுதான். எங்கள் பெல்ட் பிரிவு அணிக்கு கோல்கீப்பர். நாலு மணிக்கு எங்கேயாவது ஆட்டம் என்றால், நான் கேட்காமலே கொஞ்சம் முன்னதாக வந்து என்னை அனுப்பிவிடுவான். நான் இத்தனை வருடம் விசில் ஊதியது அவன் தயவில்தான்.

மாநில அளவு ஆட்டங்களில் ஊதத் தகுதி தருகிற ரெஃபரி தேர்வு கடலூரில் நடக்கப் போவதாகத் தெரிந்தபோது முதலில் அவனிடம்தான் சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டம், அப்புறம் எழுத்து. இந்த வருடம் விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். எனக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று ஸ்டெல்லாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இரண்டு மணி வரை முதல் ஷிப்ட் என்றதும் செல்வராசு சிரித்தான். "நான் இருக்கறேன்ல? ஊர்ல வாங்கற திட்டு பத்தலன்னு ஸ்டேட் ஃபுல்லா வாங்கணும்ன்ற. போய் வாங்கிகினு வா."

ஹாரன்

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால், எங்கள் இருவருக்கும் ஓய்வான ஒரு நாளில், பெல்ட் பிரிவுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அரையிறுதி. சொந்தப் பிரிவு ஆடுகிற ஆட்டத்துக்கு நான் ஊதலாமா என்று கேட்பீர்கள். ஊரில் ஒழுங்காக விசில் ஊதுகிற இன்னொருவர் ரிட்டயர் ஆகித் திருச்சிக்குப் போய்விட்டார். அனல்மின் நிலையத்துக்காரர்கள் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் ஆட்கள்தான் ஆட்சேபித்தார்கள். நான் நேர்மையைக் காட்டிக்கொள்வதற்காக எங்களுக்கு எதிராகவே ஊதுவேன் என்று அவர்களுக்கு ஒரு அபிப்பிராயம்.

இங்கே பெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நின்றிருக்கிற பெல்ட் ஓடத் தொடங்குவதற்கு முன் நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அது அடித்தால் யாராக இருந்தாலும், எதைச் செய்துகொண்டிருந்தாலும், அப்படியே போட்டுவிட்டு விலகி, கையை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். கை போனவர்களின் கதையைச் சொல்லித்தான் இதைக் கற்றுக்கொடுப்பார்கள். சில வருடத்துக்கு அப்புறம் மூளையைக் கேட்காமல் கால் தானாகவே விலகும்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அனல்மின் நிலையத்துக்காரர்கள் எங்கள் கோலுக்குப் பக்கத்தில் பந்தோடு வந்தார்கள். அவர்களுடைய ரசிகர் ஒருவர் உற்சாகம் தாங்காமல், பேட்டரியில் மாட்டிக் கொண்டுவந்திருந்த பழைய லாரி ஹாரனை அப்போதுதான் முதல் தடவையாக அமுக்கினார். அசல் எங்கள் பெல்ட் ஹாரன் சத்தம். பெல்ட் பிரிவு அணி மொத்தமும் இரண்டு எட்டு பின்னால் போய், கையை ஒட்டிக்கொண்டு நின்றது. செல்வராசு கோல் கம்பத்தோடு ஒண்டிக்கொண்டான். அனல்மின் நிலையத்துக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களில் ஒருவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பந்தை மெதுவாக உள்ளே தள்ளினார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். கோட்டுக்கு வெளியே. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு.

கூட்டத்தில் யாராவது விசில் ஊதி, ஆட்டக்காரர்கள் அதை ரெஃபரி விசில் என்று நினைத்து நின்றுவிட்டால் ஆட்டத்தை நிறுத்த விதி உண்டு. இது ஹாரன். இதை விசில் என்று யாரும் நினைக்கவில்லை, பெல்ட் என்று நினைத்தார்கள். மைதானத்தில் பெல்ட் கிடையாது. பந்து உள்ளே போனதை லைன்ஸ்மேன் பார்த்திருந்தார். கோல் கொடுத்தேன். செல்வராசு கையுறைகளைக் கழற்றி என் காலடியில் வீசினான். ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான். இரண்டாவது மஞ்சளும் சிவப்பும் காட்டினேன். வெளியே போகிற வழியில் மைதானத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "நீயுந்தானடா குதிச்ச!"

மோட்டாரிடம் பேச்சு

அன்றிலிருந்து செல்வராசு தினமும் அரை மணி தாமதமாக வந்தான். அதற்கு மேல் போனால் மெமோ வரும் என்பதால் அதற்கு மேல் போகவில்லை. என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் கேட்காமல் பொறுப்பை வாங்க முடியாது. அதனால் மோட்டாரைப் பார்த்து, "சூடு ஏறுதா? ரோலர் சத்தம் போடுதா?" என்று கேட்பான். நான் மோட்டார் சார்பில் பதில் சொல்வேன்.

அரை மணி தாமதம் என்றால் எனக்குக் கடலூர் பஸ் போய்விடும். செல்வராசு வீட்டுக்குப் போய் அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்று ஸ்டெல்லா சொன்னாள். நான் போகவில்லை. கோபத்தால் அல்ல. கதவைத் திறந்ததும் என் வாயில் முதல் வார்த்தையே "அது கோல்தான்" என்று வந்துவிடும் என்று பயம். அதற்குப் பதிலாக ஷிப்ட் அதிகாரியிடம் போய் லீவு கேட்டேன். திருநெல்வேலிக்காரர். என் லீவுக் கணக்கைப் பார்த்துவிட்டு ஆயாசமாக நாற்காலியில் சாய்ந்தார். "உள்ள லீவு பூராத்தையும் விசிலுக்கே விட்டுட்டீரு வே. இனி வெளிய போவணும்னா உமக்கு நீரே ரெட் கார்டு காட்டிக்க வேண்டியதுதான்."

இரண்டு மணி

தேர்வு நாளன்று ஷூவையும் அரைக்கால் சட்டையையும் பையில் வைத்து வேலைக்கே கொண்டுபோய்விட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம் மோட்டாரைப் பார்த்த நேரத்தைவிட சாலையைப் பார்த்த நேரம்தான் அதிகம். சாலையில் தூசிதான் இருந்தது. இனிமேல் காலம் பூராவும் கேரேஜுக்கும் கான்ட்ராக்டுக்கும் விசில் ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று மனதைத் தயார்செய்துகொண்டேன். மனது தயாராகவில்லை. அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது.

ஷிப்ட் பஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பராமரிப்பு ஆட்கள் போகிற ஜீப் ஒன்று சுரங்கத்துக்குள் இறங்கி வந்து நின்றது. பின்பக்கமிருந்து செல்வராசு இறங்கினான். நேரே வந்து, வழக்கம்போல மோட்டாரிடம், "எல்லாம் சரியாக்கீதா?" என்றான். சரியாக இருக்கிறது என்றேன். "அப்ப அந்த ஆளக் கெளம்பச் சொல்லு. இந்த ஜீப்பு திரும்பி மேலதான் போவுது" என்றான், அதுவும் மோட்டாரிடம்.

பையை எடுத்துக்கொண்டு பேசாமல் ஜீப்பில் ஏறியிருக்கலாம். எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் நான் பயந்த மாதிரியே என் வாய் திறந்துகொண்டது. "செல்வராசு, அது கோல்தான்" என்றேன்.

அவன் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தவன், நிறுத்தினான். என் நாற்காலியில் உட்கார்ந்தான். திரும்பிப் போய்விடுவானோ என்று அவனுக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். ஜீப் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அப்போது செல்வராசு இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"கோலுதான்டா. எனக்குத் தெரியாதா? கம்பத்தப் புடிச்சிகினு நாந்தான கிட்டக்க நின்னு பாத்துகினு இருந்தேன். நீ போய் நல்லா ஓடி, நல்லா எழுதி, பாஸ் பண்ணிகினு மெட்ராசு, கோயம்புத்தூருன்னு பெரிய மேட்ச்சா பாத்துப் போய்டு. எங்க மேட்ச்சுக்கு மட்டும் வந்துடாத. அதுக்குத்தான் சோறுகூடத் துன்னாம வந்திருக்கறேன்."

பாஸ் பண்ணிவிட்டேன், ஆனால் மெட்ராசிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ இதுவரை யாரும் கூப்பிடவில்லை என்பதையும், அடுத்த மாதம் பெல்ட் பிரிவு ஆடுகிற முதல் ஆட்டத்துக்கு மறுபடியும் நான்தான் விசில் என்பதையும், தினமும் நேரத்துக்கு வருகிற அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இப்போது நான் மோட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.