அம்மன் படம் போட்டு அடைபட்ட வழி

பெல்மதுளையில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் செய்திகளை வலைத்தளங்களில் போடுவதும் என் வேலைதான். ஒரு தடவை போட்டால் எல்லாத் தளங்களுக்கும் குழுக்களுக்கும் தானாகவே போகும்படி ஒரு செயலி வைத்திருந்தேன்.

தேர்த் திருவிழா அன்று காலை, அம்மன் படங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வாழ்த்து எழுதி அனுப்பித் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் தோட்டத்திலிருந்து என் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, கோயில் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. வேன்ல வர்றவங்கள வர வேணாம்னு போடுங்க!"

அவசரமாக எழுதி அழுத்தினால், 'அளவுக்கு மீறிப் பதிவிட்டுவிட்டீர்கள், பிறகு முயலுங்கள்' என்கிறது! ஆத்திரத்தில் மறுபடி மறுபடி அழுத்தினேன். காத்திருக்கும் நேரம் கூடியதுதான் மிச்சம்.

"விடியக் காலையில இருந்து சாமி படமா அனுப்புனா தடுக்காம என்ன செய்வாங்க?" என்று கத்திய என் மனைவி, ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். அவள் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்ல, ஆட்டோக்காரர்கள் சந்தியில் நின்று வேன்களை மறித்தார்கள். எல்லோரும் தப்பினார்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. மறுநாள் மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்த பிறகுதான் தடை நீங்கியது. 'வர வேண்டாம்' என்று முதல் நாள் நான் அழுத்தியதெல்லாம் அப்போதுதான் குழுக்களில் வரிசையாகப் போய் விழுந்தது. திருவிழாவின் மஞ்சள் நீராட்டுக்கு வந்துகொண்டிருந்த சனம் பாதி வழியில் திரும்பிவிட்டது.

கோயில் தலைவர் போன் செய்தார். "ஏங்க, திருவிழாவ நிப்பாட்டச் சொன்னது யாருங்க?"

செயலியை அன்றே அழித்தேன். இப்போது அவசரமென்றால் முதல் போன் ஆட்டோ ஸ்டாண்டுக்குத்தான். அம்மன் படம் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கும்பிட வேண்டியவர்கள் கடைக்கு வந்து கும்பிடட்டும்.