ஜாடியில் இருந்த இதயம்

ஆயுத பூஜையன்று மருத்துவக் கல்லூரியில் எங்கள் நோயியல் பேராசிரியரின் அறையில் மாட்டியிருந்த படத்துக்கு அட்டெண்டர் சந்தனப் பொட்டு வைத்துச் சாமந்தி மாலை போடுவார். படத்தில் இருந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செக் நாட்டு நோயியல் மருத்துவர். அட்டெண்டரோ அவரைப் பேராசிரியரின் தகப்பனார் என்றே நம்பியிருந்தார். பேராசிரியரும் மறுத்ததில்லை. நோயாளி உயிரோடு இருக்கையில் சொன்ன வலியையும், இறந்தபின் உடலுக்குள் தெரிந்த கோளாறையும் அருகருகே வைத்துப் பார்க்க மருத்துவ உலகுக்குக் கற்றுத்தந்த மனிதர் அந்தச் செக் நாட்டவர். பேராசிரியருக்கு அவரைவிட்டால் வேறு சொந்தம் கிடையாது. பிணம் அறுக்கிறவருக்கு ராயபுரத்தில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. கல்யாணம், கருமாதி எதற்கும் அவரை யாரும் அழைத்ததில்லை. மதியத்தில் தயிர்சாதத்தை ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிடுவார். அவ்வளவு தனியான மனிதரை நான் பார்த்ததில்லை. இன்று அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், நான் அவரிடம் உதவி மருத்துவராக இருந்தபோது, காசிமேட்டு மீனவர் ஒருவர் வார்டில் இறந்தார். அறுத்துப் பார்த்தால் வால்வு குறுகி, இதயம் தடித்துப் பெருத்திருந்தது. மாணவர்களுக்குக் காட்ட அப்படி ஒன்றுக்காகப் பேராசிரியர் வெகுகாலம் காத்திருந்தார். அதை மருந்து ஜாடியில் எடுத்து வைத்துக்கொண்டு உடலை அனுப்பினார். மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கமான மறுநாள் மீனவரின் மனைவி வந்து நின்றார். உடலை முழுசாகப் புதைத்தால்தான் செத்தவருக்கு நிம்மதி என்பது அவர்கள் நம்பிக்கை.

"அவரு நெஞ்ச எடுத்து வச்சிகினீங்களாமே. குடுத்துடுங்க சார்."

பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று பேராசிரியர் மழுப்பினார். பிறகு ஜாடியைக் காட்டி விளக்கினார். குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயம் இப்படி ஆகிவிட்டது. கடைசியில் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியிருக்கும்.

அந்த அம்மாள் ஜாடியையே பார்த்தார். "கட்டுமரம் தள்ள முடிலன்னு குந்திக்குவாரு சார். சோம்பேறின்னு திட்டிகினே இருந்தேன். மெய்யாலுமே முடிலயா?"

"முடியலைம்மா."

பேராசிரியர் ஜாடியைத் திறந்தார். இதயத்தைக் கழுவி, புதுத் துணியில் சுற்றி நீட்டினார். அம்மாள் வாங்கவில்லை.

"எங்க ஜனத்துல பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போவ மாட்டோம். நீங்களே சேத்துடுங்க."

"நானா? சொந்தக்காரங்க யாராவது..."

"அவரு பட்ட பாடு உங்களுக்குத்தான சார் தெரிஞ்சுது. எங்கள்ல யாருக்கும் தெரியலியே."

ரிக்‌ஷாவில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பேராசிரியர் மயானத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். குழியைத் திறந்து பொட்டலத்தை உள்ளே வைத்த ஆள் நிமிர்ந்து, "பிடி மண்ணு யாரு போடறது? செத்தவருக்கு நீங்க இன்னா முறை?" என்று கேட்டார்.

பேராசிரியர் செருப்பைக் கழற்றினார். குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார்.