கனவில் வந்த மடிப்பு

தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் வைத்தும் ஆள் சுருண்டு விழுகிற திருநெல்வேலிச் சீமையில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நல்லாக் கேட்டீர்கள் போங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை டீச்சர்மார் கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். பிறந்த குழந்தைக்குத் தொப்பி, பெங்களூரில் இருக்கும் மருமகனுக்கு ஸ்வெட்டர், ஒன்றும் இல்லாவிட்டால் ரேடியோப் பெட்டிக்கு ஓர் உறை. வேர்க்க வேர்க்கப் பின்னுவார்கள். அந்த நீள ஊசிகளைச் சும்மா கைப்பையில் போட்டால் அது பையையும் கிழித்து, பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவரையும் குத்தும். அதற்காகத் தனியாக ஓர் ஊசிப் பை வேண்டும். விரித்தால் ஒவ்வொரு ஊசிக்கும் ஓர் அறை இருக்கும். சுருட்டி நாடாவால் கட்டினால் கைக்குள் அடங்கிவிடும். அதைத் தைத்துக் கொடுத்தவள்தான் மேலப்பாளையத்து ஷம்ஸியா.

ஷம்ஸியா என்றால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நூகு பெண்டாட்டி என்றால் தெரியும். நூகு கைத்தறி நெய்கிறவர். தறியில் மிஞ்சும் கட்டம் போட்ட கைலித் துண்டுகள்தான் அவளுடைய சரக்கு. கைவேலைக்காரிதான், ஆனால் நினைப்பு ஓரிடத்தில் நிற்காது. மிஷினை மிதித்துக்கொண்டே கண் சொக்கிப்போவாள். பக்கத்து அறையில் தறி அடிக்கிற சத்தம் அவளுக்குத் தாலாட்டு. கால் பாட்டுக்கு மிதிக்கும், தையலும் கோணாது. அதை என்னவென்று சொல்ல!

"தூங்கிக்கிட்டே தைக்கியா, தச்சுக்கிட்டே தூங்குதியா?" என்பார் நூகு.

"ரெண்டுந்தான்" என்பாள்.

அவள் தைத்த பைகளுக்கு ஒரு வியாதி இருந்தது. கொஞ்சம் சரித்துப் பிடித்தால் ஊசி வழுக்கி விழுந்துவிடும். என்னென்னவோ செய்து பார்த்தாள், தீரவில்லை.

ஒரு விடியற்காலையில் கனவு வந்தது. எங்கே பார்த்தாலும் நனைந்த பச்சை. அதன்மேல் பாலில் ஏடு படிந்த மாதிரி ஒரு வெண்மை. தரை ஊஞ்சல்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. பயமாக இல்லை, சுகமாக இருக்கிறது. அதற்கு நடுவே ஒரு துணி தானாக விரிகிறது. மேல்மடல் ஊசிகளின் தலைமேல் சரிகிறது, அதன் இரண்டு ஓரமும் உள்ளே மடங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பை தலைகீழாகக் கவிழ்கிறது. ஓர் ஊசிகூட விழவில்லை. இடது மூலையில் சின்னதாக ஒரு துணிக் காது ஆடிக்கொண்டிருக்கிறது. விழித்தபோது பாங்குச் சத்தம் கேட்டது. தொழுதுவிட்டு மிஷினில் உட்கார்ந்தவள், வெயில் முற்றத்துக்கு வரும் முன்பே அந்தப் பையைத் தைத்து முடித்துவிட்டாள்.

அவளிடம் வழக்கமாகப் பை வாங்கும் செல்லக்கனி டீச்சர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார். ஊசி அசைவேனா என்றது.

"இத எங்க பாத்துத் தச்ச?"

"எங்கயும் பாக்கல டீச்சர். கனவுல வந்துச்சு."

"மூலைல காது மாதிரித் தொங்குதே, இது எதுக்கு?"

"தெரியல டீச்சர். கனவுல இருந்துச்சு. அழகுக்கா இருக்கும்."

டீச்சருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சர்ச்சில் வருகிற ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அந்தக் கோயில் மைதானத்தில் இந்தப் பைக்கென்றே ஒரு கடை போட்டுவிடலாம், ஒவ்வொரு பையிலும் 'ஷம்ஸியா மடிப்பு' என்று நூலால் எழுதிவிடு என்றார். தன் பேரைத் தன் கையால் துணியில் எழுதியபோது ஷம்ஸியாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. கனவுக் கதை தெருவெல்லாம் பரவியது. கேட்க வந்த பெண்களுக்கு அவள் அலுக்காமல் சொன்னாள். யாரும் தைத்துக் காட்டாமல், யாரும் சொல்லித் தராமல் அல்லா தனக்கென்று அனுப்பியது. அவளிடம் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை.

பண்டிகைக்கு முந்தின மாதம் தங்கை ஆபிதா பீவியைப் பார்க்க மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள், அவளுக்குக் கொடுக்க ஒரு பையையும் எடுத்துக்கொண்டு. தங்கை மாப்பிள்ளை காஜா முகைதீன் அங்கே எஸ்டேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கொழுந்து எடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி ஒரு பெண் சீனி வாங்க வந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கின் கயிற்றில் வெளுத்துப்போன ஓர் ஊசிப் பை தொங்கியது. இடது மூலைக் காதில் மாட்டித் தொங்கியது.

ஷம்ஸியா எழுந்து அவள் கிட்டே போனாள்.

"அது என்னதுக்கா?"

"இதா? பின்னல் ஊசி. நிறுவைக்கு வரிசைல நிக்கையில நாலு வரி பின்னுவேன். எங்கயாச்சும் வச்சா தேயிலைக்குள்ள காணாமப் போவுது. குனிஞ்சா ஊசி விழுந்திருது. அதான் இப்பிடி மடிச்சுத் தச்சேன். காத கயித்துல மாட்டிக்கிடுவேன்."

அவள் பேர் அன்னத்தாய். சொல்லிக்கொண்டே பையைத் திறந்து காட்டினாள். அதே மடல், அதே ஏறின ஓரங்கள். ஷம்ஸியாவின் பைகளில் வெறுமனே ஆடிய காதுக்கு இங்கே வேலை இருந்தது. போன மழைக்காலத்தில் முதல்தடவையாக இங்கே வந்தது அவளுக்கு நினைவு வந்தது. மணிமுத்தாறு தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது, ஜன்னலில் பச்சையும் மூட்டமும், கண் சொக்கிச் சொக்கித் திறக்கிறது. பக்கத்தில் ஒரு பெண், இவளேதான், மடியில் துணியை விரித்து ஊசி எடுத்துப் பின்னிக்கொண்டு வந்தாள். கனவாவது ஒன்றாவது. பஸ்ஸில் பார்த்ததுதான் அத்தனையும்.

அன்னத்தாய் போன பிறகு காஜா முகைதீனிடம் சொன்னாள். "விடுங்க மதினி, ஒரு மடிப்பு. மாஞ்சோலை எங்க, பாளையங்கோட்டை எங்க? யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் அவர். ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் பொருளைத் தெரியாமல் எடுத்தாலும் உடையவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, பொருத்தம் வாங்கியாக வேண்டும், அவர் மனசார விட்டுக்கொடுத்தால்தான் அது தீரும் என்று கேட்டு வளர்ந்தவள். விடிந்ததும் தங்கைக்குக் கொண்டுவந்த பையை எடுத்துக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த அன்னத்தாயின் லயன் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ஒங்க மடிப்ப நான் எடுத்துட்டேன். தெரிஞ்சு எடுக்கல, தூக்கத்துல கண்ணு எடுத்துருச்சு. கனவுன்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டேன். பொருந்திக்கிடுங்க. அடுத்த மாசம் பாளையங்கோட்டை ஸ்தோத்திரப் பண்டிகைல விக்கத் தச்சு வச்சிருக்கேன், வேண்டாம்னா பூராவும் பிரிச்சிருதேன்."

அன்னத்தாய் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூலில் எழுதிய பேரை விரலால் தடவினாள். கோபமா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"பிரிக்காண்டாம். தையல் என்னதவிட நல்லாருக்கு. தைங்க, வில்லுங்க. ஆனா கனவுல வந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் மழைக்குள்ள நின்னு நின்னு யோசிச்சது இது. கனவுன்னு சொன்னா, நான் இல்லவே இல்லன்னு ஆயிருதுல்லா?"

ஷம்ஸியா சரி என்று தலையாட்டினாள். பேரைப் பிரிப்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கனவைப் பிரிப்பதுதான் வலித்தது. கீழே இறங்கும் பஸ்ஸில் முதல்முறையாகத் தூங்காமல் வந்தாள்.

பேரையெல்லாம் பிரித்து 'அன்னத்தாய் மடிப்பு' என்று எழுதினாள். செல்லக்கனி டீச்சருக்கு முகம் விழுந்துவிட்டது. "கனவுன்னாத்தான் ஜனங்க நின்னு கேப்பாங்க. சொன்னா என்ன கொறஞ்சா போவுது?" என்றார். ஷம்ஸியா பைகளை எண்ணிக் கட்டிவைத்தாள்.

பண்டிகை அன்று மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, மர நிழலில் கடைகள். குனிந்து பைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் நாசரேத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார்.

"இதானா அந்தக் கனவுல வந்த பை?"

ஷம்ஸியாவின் கை நின்றது. நனைந்த பச்சையும் வெண்மையும் அப்படியே கண்ணில் வந்து நின்றன. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடியும் அந்த ஊஞ்சலில் ஏறிவிடலாம். மாஞ்சோலை எங்க, பாளையங்கோட்டை எங்க? அந்த அம்மா கையில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லம்மா. மாஞ்சோலைல அன்னத்தாய்னு ஒரு அக்கா யோசிச்சுத் தச்சது. நான் அவுகளப் பாத்துத் தச்சவ."

அந்த அம்மா பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் மடிப்புக் கலையாத சேலை கட்டிக்கொண்டு அன்னத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"சொல்லதுக்கு ஏன் அம்புட்டு நேரம்?"

ஷம்ஸியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கனவ விட மனசு வரலக்கா" என்றாள்.

அன்னத்தாய் பெஞ்சில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குன்னாலும் மனசு வராதுதான்" என்றாள்.